எப்போலேர்ந்து வலி

கடற்கரையில் மாநாடு நடத்துகிறவர்கள் குத்துவிளக்கு ஏற்பாடு செய்யக் கூடாது. காற்றில் நிற்காது. 2007 பிப்ரவரியில் மாமல்லபுரம் ரிசார்ட்டில் நாங்கள் அதைத்தான் செய்தோம். ஐந்து திரிக்கு ஐந்து பிரமுகர்கள். ஒருவர் ஏற்றி மெழுகுவர்த்தியை அடுத்தவர் கையில் கொடுப்பதற்குள் முதல் திரி அணைந்துவிடும். ஐந்தும் சேர்ந்து எரிந்த காட்சி ஒரு விநாடிகூட அமையவில்லை. கடைசியில் போட்டோகிராபர்தான், "சார், எரியுற மாதிரி சிரிங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். எல்லோரும் எரிவது போலச் சிரித்தார்கள்.

மேடம், நீங்கள் மாநாட்டு சிடியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் விளக்கிலிருந்து தொடங்கினேன். டேப் ஓடுகிறதல்லவா. காபி ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள். நுகர்வோர் நீதிமன்றம் வாக்குமூலம் எடுக்க ஒரு கமிஷனரை வீடு தேடி அனுப்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் ஜெசிந்தா மேடம், உங்களை மாதிரிப் பொறுமையானவரை. முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன பிறகு மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு கோர்ட் வரைக்கும்கூட என்னால் உட்கார்ந்து வர முடிவதில்லை. அந்த ஆபரேஷனுக்கு அனுமதி இருபது நிமிடத்தில் கிடைத்தது. எங்கள் கம்பெனி தன் ஆட்களை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது.

என் பெயர் அருணகிரி. வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் அச்சரப்பாக்கம். நான் டாக்டர் இல்லை, பி.எஸ்சி. விலங்கியல். எங்கள் கம்பெனி இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கம்பெனி. நோயாளி ஆஸ்பத்திரியில் கார்டை நீட்டுவார். ஆஸ்பத்திரி எங்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பும். நாங்கள் சரி என்று சொன்னால் வைத்தியம் ஆரம்பமாகும். இதற்கு நிர்வகிக்கப்பட்ட மருத்துவப் பராமரிப்பு என்று பெயர். யாரை நிர்வகிக்கிறோம் என்பது அந்தப் பெயரில் இருக்காது.

எங்கள் துறையின் நான்காவது ஆண்டு மாநாடு அது. அமைப்புச் செயலாளர் நான். சங்கத் தலைவர் சதாசிவம் சார். இந்தத் துறையை ஒரு வேள்வி என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கி, நாற்பது நிமிடம் கழித்து அதே வேள்வியில் முடிப்பவர். மாநாட்டுக்கு 'கருணையோடு கட்டுப்பாடு' என்று தலைப்பு வைத்தவரும் அவர்தான். பேனர் எழுதியவன் இடம் போதாமல் கருணையைச் சின்ன எழுத்திலும் கட்டுப்பாட்டைப் பெரிய எழுத்திலும் எழுதிக் கொண்டுவந்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை. நினைவுப் பரிசாக ஆளுக்கொரு கருங்கல் யானை. சிற்பக்கூடத்தில் சொல்லிச் செய்தது, ஒன்று மூன்று கிலோ. விமானத்தில் வந்திருந்த பம்பாய்க்காரர்கள் அதை அறையிலேயே மறந்துவிட்டுப் போனார்கள். ரிசார்ட்காரர் பதினோரு யானைகளை எனக்குத் திருப்பி அனுப்பினார். இரண்டு இந்த வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

மேடைக்குப் பின்னால் கடல் தெரிய வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். ரிசார்ட்டை ஒட்டிய சின்னமேட்டுக்குப்பத்தின் ஃபைபர் போட்டுகள் ஏழெட்டு கடலை மறைத்துக்கொண்டு நின்றன. காலையிலேயே அவற்றை வடக்கே நகர்த்த ஏற்பாடு செய்தேன். இழுத்தவர்களுக்கு இட்லி, வடை, டீ எல்லாம் ரிசார்ட் கணக்கில். அது மாநாட்டு வேலை, இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. மனதில் இருப்பதையெல்லாம் சொல்லச் சொன்னீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்வி எப்படி உருவானது என்றுதானே நீங்கள் முதலில் கேட்டீர்கள்.

என் அம்மாவிடமிருந்து உருவானது. சின்ன வயதில் எனக்குச் சளி பிடித்தால் அச்சரப்பாக்கத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போவாள். கூட்டம் அம்மும். கம்பவுண்டர் வாசலில் நின்று, "எப்போலேர்ந்து?" என்று கேட்பார். "இது பொறந்ததுலேர்ந்தே இப்டித்தாங்க" என்பாள் அம்மா. எனக்குச் சளி பிடித்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். கம்பவுண்டர் சீட்டில் இரண்டு நாள் என்றுதான் எழுதுவார். அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. 'ரொம்ப நாளா' என்றால் நேற்றிலிருந்து. 'எப்பவுமே' என்றால் மூன்று நாள். 'பொறந்ததுலேர்ந்தே' என்றால் இரண்டு நாள், ஆனால் பயந்து போயிருக்கிறாள், முதலில் உள்ளே அனுப்பு. எங்கள் பக்கத்துப் பெண்கள் நோயைப் பற்றி நாள் கணக்கில் பேச மாட்டார்கள். இன்று காலையிலிருந்து என்று உண்மையைச் சொன்னால், அப்படியானால் நாளை வா என்று அனுப்பிவிடுவார்கள் என்பது அவர்கள் அனுபவம். அதனால் ஒரேயடியாகப் பிறப்பிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு, சீக்கிரம் பாருங்கள் என்று அர்த்தம். காலத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இது கம்பவுண்டருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் பாலிசிக்குத் தெரியாது. பாலிசியில், பிறவிக் கோளாறுகளுக்கு இழப்பீடு கிடையாது என்று ஒரு வரி இருக்கிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் நான் செய்த வேலை. அதுவரை எங்கள் டாக்டர்கள் ஆஸ்பத்திரி டாக்டர்களோடு ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன் அனுப்பு, பழைய ரிப்போர்ட் அனுப்பு என்று நாள் போகும். நான் சொன்னேன், எதற்கு இந்தப் பேஜார், வீட்டுப் பெண்ணை போனில் கூப்பிட்டுத் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதிகாரி மாதிரிக் கேட்காதீர்கள், சொந்தக்காரர் மாதிரிக் கேளுங்கள். "எப்போலேர்ந்துமா வலி?" அவ்வளவுதான். பதில் டேப்பில் பதிவாகும். குடும்பத்தாரே கொடுத்த வாக்குமூலம். எந்தக் கோர்ட்டிலும் நிற்கும் என்று வக்கீல் சொன்னார். ஓராண்டு செய்து பார்த்தோம், பிரமாதமாக வேலை செய்தது. அதை மாநாட்டில் கட்டுரையாக வாசிக்கச் சொன்னார் தலைவர். 'இடர் நிர்வாகத்தில் தாய்மொழியின் பங்கு' என்று தலைப்பு வைத்தேன். தமிழுக்கு நானும் ஏதோ செய்தேன் என்ற திருப்தி அன்றைக்கு இருந்தது.

காலை பதினொன்றரை மணிக்கு என் அமர்வு. நான்கு பழைய டேப் உரையாடல்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். பட்டனை அழுத்தினால் சத்தம் வரவில்லை. ஒரு பையன் மேடையேறி வயரைப் பிடுங்கிச் செருகினான், பிறகும் வரவில்லை. முன்னூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் பம்பாய்க்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "அருணகிரி எதையும் லைவா செய்யக்கூடியவர்" என்றார். அது பாராட்டா மிரட்டலா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

என் அமர்வுக்குக் கால் மணி நேரம் முன்னால்தான் என் செல்போனில் ஹரிப்ரியா கூப்பிட்டிருந்தாள். சென்னை ஆபீசில் அனுமதி மேஜையில் இருந்த இளம் டாக்டர். கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், படிப்பாளி. அவள் சொன்னது இவ்வளவுதான்:

"சார், செங்கல்பட்டு நர்சிங் ஹோம்லேர்ந்து ஒரு கேஸ். சடையன், நாப்பத்தெட்டு வயசு, சின்னமேட்டுக்குப்பம். குடலிறக்கம், உள்ள மாட்டிக்கிட்டிருக்கு. ஆறு மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும் சார். இல்லன்னா குடல் அழுகிடும். நீங்க வாயால ஓகே சொன்னா நான் ஃபேக்ஸ் அனுப்பிடறேன்."

"நம்பர் சொல்லும்மா, நானே பேசறேன்" என்றேன். நர்சிங் ஹோம் நம்பரை நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். கண் முன்னால் இருந்த நம்பர் அது ஒன்றுதான். மேடையில் நின்று அதைத்தான் டயல் செய்தேன்.

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அந்தக் குப்பத்துக் குடும்பங்களுக்கெல்லாம் மூன்று வருடத்துக்கு பிரீமியம் கட்டியிருந்தது. அட்டை கொடுத்த விழாவில் நானும் மேடையில் இருந்தேன். குடும்பத்துக்கு ஒரு படிவம். சடையன், மனைவி சொர்ணம், மகள் வேண்டா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். மூத்தவர்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். படிவத்தில் 'வேண்டா' என்று எழுதியிருந்ததைப் பார்த்த எங்கள் டைப்பிஸ்ட், இந்தக் கட்டம் வேண்டாம் என்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அதைக் காலியாக விட்டுவிட்டார். ஆகவே எங்கள் கணக்குப்படி சடையனுக்குப் பிள்ளைகளே கிடையாது. இன்று வழக்குப் போட்டிருப்பது அந்தக் காலிக் கட்டம்தான்.

நர்சிங் ஹோமில் போனை எடுத்தவர் சரவணகுமார் என்ற வரவேற்பாளர். நான் யார் என்று சொன்னதும் மரியாதையாகப் பேசினார். "சார், பேஷன்ட் நல்லா பேசறாருங்க. வலியிருக்குது, ஆனா தெளிவா சொல்றாரு. கார்ட்லெஸ் போனு, அவருகிட்டயே குடுக்கட்டுமா?"

"வேணாம், வூட்டம்மாவக் குடுங்க" என்றேன். வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்பதுதானே என் கட்டுரையே.

செல்போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். சொர்ணத்தின் குரல் பெரிதாகக் கேட்டது.

"அல்லோ. யாரு, கார்டு ஆபீசா?"

"ஆமாம்மா. நல்லா இருக்கீங்களா?"

"இன்னாத்த நல்லா கீறது சார். மன்சன் துடிச்சிகினு கீறாரு. டாக்டரு உங்க பேப்பரு வந்தாத்தான் கத்தி வைப்பேன்றாரு."

"அதுக்குத்தாம்மா கூப்ட்டேன். பயப்படாதீங்க. எப்போலேர்ந்துமா வலி?"

மறுமுனையில் ஒரு சின்ன மூச்சு கேட்டது. பிறகு நான் எதிர்பார்த்தது எழுத்துப் பிசகாமல் வந்தது.

"அத்த ஏன் சார் கேக்குற. பொறந்ததுலேர்ந்தே இந்த மன்சனோட இதே பேஜாருதான். வலின்னா வாயத் தொறந்து சொல்லாது. கல்லு மாதிரி குந்திகினு இருக்கும். நீ சீக்கிரம் பேப்பர அனுப்பு நைனா."

நான் அரங்கத்தைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினேன். திரையில் அந்தச் சொல்லுக்கு நேராக, பிறவிக் கோளாறு, விதி எண் நாலு புள்ளி மூன்று என்று முன்கூட்டியே தயாரித்த ஸ்லைடு வந்தது. சத்தம்தான் வரவில்லையே தவிர படம் வந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பிறகு கை தட்டினார்கள். பம்பாய்க்காரர்களுக்குப் பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னதால் அவர்கள் அரை நிமிடம் தாமதமாகத் தட்டினார்கள். கைதட்டல் நீளமானதுபோலக் கேட்டதற்கு அதுதான் காரணம்.

போன் இன்னும் மைக்கின் பக்கத்தில்தான் இருந்தது.

"இன்னா சார், கை தட்றாங்கோ?" என்றாள் சொர்ணம். "ஆயிட்சா? சரியாயிட்சா?"

"சரிம்மா. சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மேடம், போனை வைக்கும்போது நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். நீங்களும் இங்கே வருவதாக என்னோடு பேசியபோது மூன்று தடவை சரி சொல்லித்தான் வைத்தீர்கள். அதற்கு அனுமதி என்று அர்த்தமில்லை. அகராதியைப் பார்க்கலாம்.

வேண்டாவின் மனுவில் ஒன்பதாவது பத்தியை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அந்தப் பெண் இதே மறைமலைநகரில் தங்கி, கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு யூனிபார்மோடு ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டரைக்கு நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கிறாள். இங்கே காத்திருக்க வேண்டாம், காசு கேட்காத அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிடம்தான், வேன் நிற்கிறது, அப்பாவைத் தூக்கு என்றிருக்கிறாள். அம்மா விடவில்லை. "ஆபீசருங்க அத்தினி பேரும் கை தட்டினாங்கடி. சரி சரின்னு மூணு தபா சொன்னாரு. பேப்பரு வந்துகினு கீது. இப்பப் போயி எழுப்பினா பூடும்டி எல்லாம்." வேன்காரர் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். சொர்ணம் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஃபேக்ஸ் மெஷினுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மெஷின் சத்தம் போடும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை மருந்து விளம்பரம் வந்திருக்கிறது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதானா பாரு தம்பி" என்று சரவணகுமாரிடம் காட்டியிருக்கிறாள்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஹரிப்ரியாவின் போன்தான்.

ஏழு தடவை கூப்பிட்டாள். சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க, மேஜை விரிப்பின்மேல் போன் தண்ணீர் பாட்டிலுக்கும் பூங்கொத்துக்கும் நடுவில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் விளிம்புக்கு வந்தபோது எடுத்து உள்ளே தள்ளி வைத்தேன். எட்டாவது தடவை சாப்பாட்டு வரிசையில் எடுத்தேன். மணி ஒன்றே முக்கால்.

"சார், நாப்பத்தெட்டு வயசு ஆளுக்கு இதப் பிறவின்னு எப்படி சார் எழுதறது? அந்தம்மா அவரோட குணத்தப் பத்திச் சொல்றாங்க சார். ஹால்ல இருந்த நம்ம ஆளுங்க போன்ல சொன்னாங்க, சின்னக் கொழந்தைக்கும் புரியும்."

"பதிவாயிடுச்சும்மா. முன்னூறு பேர் சாட்சி. இப்ப நான் அப்ரூவல் குடுத்தா கட்டுரை என்னத்துக்கு?"

"சரி சார், அப்ப இல்லன்னாவது சொல்லிடலாம். நான் போன் பண்ணி நோன்னு சொல்லிடறேன். அவங்க வேற எங்கயாவது கூட்டிட்டுப் போவாங்க. காத்துக்கிட்டிருக்காங்க சார்."

"பேப்பர் இல்லாம வாயால நோ சொல்லக் கூடாதும்மா. ப்ரொசீஜர். லெட்டர் டைப் பண்ணி வை, சாயங்காலம் சைன் பண்ணறேன்."

பிறகு, "சார், நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இனிமேல்தான் என்றேன். போனை வைத்துவிட்டாள். சரி சொல்லாமல் வைத்தது அவள் ஒருத்திதான்.

அவளே ஏன் நர்சிங் ஹோமுக்குச் சொல்லவில்லை என்று கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன். பயம்தான். வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவளும் சாயங்காலம்வரை அந்த லெட்டரை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் இருந்தாள். இரண்டு பெண்கள், இரண்டு ஊரில், இரண்டு ஃபேக்ஸ் மெஷினுக்கு முன்னால். அடுத்த வாரம் ராஜினாமா கொடுத்தாள். போகும்போது மாநாட்டு சிடி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வேண்டாவிடம் கொடுத்திருக்கிறாள். அது கம்பெனிச் சொத்து. நான் புகார் கொடுக்கவில்லை. என் பெருந்தன்மையையும் நீங்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

அன்றைக்கு நிறைவு விழா நான்கு மணிக்கு. சிறந்த கட்டுரைக்கான பரிசு எனக்கு. தலைவர் எனக்குச் சால்வை போர்த்தினார், அது காற்றில் அவர் முகத்திலேயே போய் விழுந்தது. பிறகு குரூப் போட்டோ. நாலு நாற்பதுக்கு ரிசார்ட் வரவேற்பறையில் ஹரிப்ரியா அனுப்பியிருந்த லெட்டரில் கையெழுத்துப் போட்டு நர்சிங் ஹோமுக்கு ஃபேக்ஸ் செய்தேன். 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் லெட்டர். அந்தச் சொல் எங்கள் எல்லா லெட்டரிலும் அச்சிலேயே இருக்கும்.

நர்சிங் ஹோமில் அந்தக் காகிதம் வெளியே வந்தபோது சொர்ணம்தான் முதலில் ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கள் சின்னமும் முத்திரையும் தெரியும், அட்டையிலும் அதே சின்னம்தான். "வந்துட்சி, வந்துட்சி" என்று தூக்கிக்கொண்டு கணவனின் கட்டிலுக்குப் போய்க் காட்டியிருக்கிறாள். வேண்டாதான் வாங்கிப் படித்திருக்கிறாள். ஐந்தே காலுக்கு ஒரு மீன் வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாமதமில்லாமல் வயிற்றைத் திறந்தார்கள். குடல் கறுத்திருந்தது என்று ரிப்போர்ட் சொல்கிறது. மூன்றாவது நாள் சடையன் இறந்துபோனார்.

நான் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. போனால் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகும் என்று வக்கீல் சொன்னார். ஆனால் வேண்டா ஏறும் தொழிற்சாலை பஸ் இந்தத் தெருமுனையில்தான் நிற்கிறது. காலை ஐந்தே முக்காலுக்கு ஜன்னலில் நின்றால் தெரியும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியாது. சிடியில் நான் கோட்டு போட்டிருந்தேன்.

இதுவரை சொன்னதில் என் குற்றம் எங்கே என்று தேடிப் பாருங்கள். ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு வந்த பதிலை மாற்றாமல் எழுதினேன். முறைப்படி லெட்டர் அனுப்பினேன். யாரையும் ஏமாற்றவில்லை. சொர்ணம் நேராக ஒரு பதில் சொல்லியிருந்தால் நேரான ஒரு முடிவு வந்திருக்கும். கம்பெனி வக்கீல் இந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் நிறுத்தினால் நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் முகத்தைப் பார்த்தால் அது உங்களுக்கும் தெரிந்திருப்பது போலத்தான் இருக்கிறது. பேனாவை மூடிவிட்டீர்கள்.

திறந்துகொள்ளுங்கள். இரண்டு வருடமாக இந்த முதுகோடு படுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை இல்லாததால் அந்த சிடியை நானும் பலமுறை பார்த்தேன். நீங்கள் குத்துவிளக்கிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அங்கிருந்துதான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் நான்கு நிமிடம் இருக்கிறது. புல்லாங்குழல் பின்னணியில் சூரிய உதயம், அலை, கடற்கரைக் கோயில் என்று வீடியோக்காரர் சேர்த்த அழகுக் காட்சிகள். அதைத் தள்ளிவிட்டுத்தான் யாரும் பார்ப்பார்கள். தள்ளாமல் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் போட்டு இழுக்கிறார்கள். இன்ஜினைக் கழற்றாமலே இழுக்கச் சொன்னது நான், நேரமில்லை என்று. ஒருவர் கயிற்றை விட்டுவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்காருகிறார். கையில் பரீட்சை அட்டையும் பேனாவுமாக ஒருவன் அவரிடம் குனிகிறான். கோட்டு இல்லாததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. படத்தின் மூலையில் மணி இருக்கிறது, ஆறு நாற்பது. புல்லாங்குழல் இருப்பதால் என்ன பேசினோம் என்று கேட்காது.

பெயர் என்ன என்று கேட்டேன். சடையன் என்றார். என்ன பண்ணுது என்று கேட்டேன். சுருக்குனு புடிச்சிகிச்சு சார் என்றார். பழக்கதோஷம், அந்தக் கேள்வியையும் கேட்டேன். எப்போலேர்ந்து வலி?

"இப்பதான் சார். இந்த போட்ட இழுத்தப்போ" என்றார்.

அதனால்தான் பதினொன்று ஐம்பதுக்கு நான் அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை.